டேட்டாச் சிக்கனமும் அறமும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

சிக்கனம் ஒரு நற்பண்பு என்பதை நாம் ஆராயாமலே ஏற்றுக்கொண்டுள்ளோம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் எழுதப் பணிக்கும் முதற் கட்டுரைகளுள் ஒன்று அதைப் பற்றியதாகவே இருக்கும். ஆயின், சிக்கனம், கஞ்சத்தனம், இல்லாமை ஆகிய மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே காட்சியளிக்கின்றன என்பதை எண்ணிப்பார்ப்போர் சிலரே. மூவர் வீட்டில் அடுப்பு ஒரு வேளை மட்டுமே எரிகின்றது. ஒருவர் நாளைக்கென எடுத்து வைக்கின்றார். ஒருவர் பெட்டியிலிட்டுப் பூட்டுகின்றார். மூன்றாமவரிடம் வைப்பதற்கோ பூட்டுவதற்கோ எதுவும் இல்லை. செயலை மட்டும் நோக்குவோர்க்கு மூன்றும் ஒன்றே. அறவியல் நோக்குவோனுக்கு அவ்வாறன்று.

இவ்வேறுபாட்டை ஆராய்வதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் மிகச் சிறியது. அளவு வரையறுக்கப்பட்ட இணையப் பொதியை வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியிற் காணொளி பார்ப்போர், டேட்டாவைக் குறைத்துச் செலவிடுதல் என்பதே அது. இது ஒரு தத்துவப் பொருளா என்று வாசகர் முறுவலிக்கக்கூடும். எல்லவுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், நால்வர் ஒரு தொலைபேசியையும் ஒரு டேட்டாப் பொதியையும் பகிர்ந்து வாழ்ந்த காலத்தை அறிந்தவன் என்ற முறையில், எனக்கு இது சிறிய பொருளாகத் தோன்றவில்லை.

முதலிற் கணக்கை நோக்குவோம். காணொளி செக்கனுக்கு ஒரு மெகாபிற் வேகத்தில் ஓடுமாயின், ஒரு மணி நேரத்திற் செலவாகும் டேட்டா 450 மெகாபைட் ஆகும். 64 கிலோபிற் வேகத்தில் ஒலியை மட்டும் கேட்போமாயின் ஒரு மணி நேரத்திற்கு 29 மெகாபைட்டும் முழுமையாகச் செலவாவதில்லை. படத்தின் நுணுக்கத்தைப் பொறுத்தே பெருஞ்செலவு அமைகின்றது. 360 என்று குறிக்கப்படும் தரத்தில் ஒரு சட்டகத்தில் 230,400 புள்ளிகள் உள்ளன. 1080 என்னும் தரத்திலோ 2,073,600 புள்ளிகள், அதாவது சரியாக ஒன்பது மடங்கு. சுருக்கும் நுட்பங்கள் இருப்பதனால் டேட்டாவும் அதே விகிதத்தில் ஒன்பது மடங்காவதில்லை எனினும், வேறுபாடு பெரிதே. நெட்பிளிக்ஸ் நிறுவனம் தானே வெளியிட்டுள்ள அளவுகளின்படி, தாழ்ந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிகாபைட்டும் உயர்ந்த தரத்தில் 3 ஜிகாபைட் வரையும் செலவாகின்றன. உள்ளங்கையளவு திரையில் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண் அவ்வளவாக உணர்வதில்லை.

இதிலே மலைநாட்டார்க்கு மட்டும் நன்கு விளங்கும் ஒரு முரண் உண்டு. தொலைபேசியைத் 'தானியங்கித் தரம்' என்னும் நிலையில் விட்டுவிட்டால், அலைவரிசை எவ்வளவு நன்றாகக் கிடைக்கின்றதோ அவ்வளவு உயர்ந்த தரத்தை அது தானாகவே தெரிந்துகொள்ளும். மலை மறைக்கும் பள்ளத்து லயத்தில் படம் மங்கலாக ஓடும். டேட்டா மெதுவாகக் கரையும். சிக்னல் தேடிக் குன்றின்மேல் ஏறியவனுக்குப் படம் கண்ணாடிபோல் தெளியும். டேட்டாவும் அதே விரைவிற் கரைந்துபோகும். மேலும், பார்ப்பதற்கு முன்னரே தொலைபேசி சற்று முன்கூட்டி இறக்கி வைக்கின்றது. பாதியில் நிறுத்தியவன் பார்க்காத பகுதிக்கும் விலை கொடுக்கின்றான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியிற் கொரோனாத் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. நான் உயர்தரப் பரீட்சைக்கும் என் தங்கை சாதாரண தரப் பரீட்சைக்கும் ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். அவ்வாண்டு மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ கொழுந்து என்னும் வழக்கு ஓயவில்லை. அச்சம்பளத்தில் அம்மா மாதத்திற்கு ஒருமுறை போடும் டேட்டாவே எங்கள் இருவருக்கும் வகுப்பறை. ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை, தொலைபேசியை எடுத்துக்கொண்டு லயத்திற்கு மேலேயுள்ள முனியாண்டி கோயிற் கல்லுக்கு ஏறினேன். குறிப்புகள் இறக்கப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் சென்றேன். அங்கே அமர்ந்து இரண்டரை மணி நேரப் புதுப்படம் ஒன்றை முழுவதும் பார்த்தேன். கீழிறங்கும்போது அம்மாதத்திற்கென எஞ்சியிருந்த ஏறக்குறைய நான்கு ஜிகாபைட்டும் தீர்ந்திருந்தன. மறுநாட் காலை தங்கைக்கு இருபடிச் சமன்பாட்டு வகுப்பு. "அண்ணே, டேட்டா முடிஞ்சிருச்சுன்னு வருது, ராத்திரி இருந்துச்சே" என்றாள். எனக்கு விடை கூற வாய் வரவில்லை. அம்மா திட்டவுமில்லை, தோட்டத்துக் கடையிற் கணக்கு எழுதி ரீலோட் வாங்கி வந்தார். அதற்குள் வகுப்பு முடிந்திருந்தது.

நான் செய்த பிழை யாது? இவ்வினாவுக்கு எளிதாகத் தோன்றும் விடைகள் பலவும் ஆராயுமிடத்து நிலைபெறவில்லை. திருட்டு என்று சொல்லலாமா? பொதி குடும்பத்திற்குரியது, அதில் எனக்கும் பங்குண்டு. பொய் சொன்னது பிழைதான்; ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டுச் சென்றிருந்தாலும் தங்கைக்கு வகுப்பு கிடைத்திராது. வீண் விரயமா? படம் நன்றாகவே இருந்தது. நாள் முழுதும் பாடக்குறிப்போடு மல்லாடிய இருபது வயது இளைஞன் ஒரு படம் பார்ப்பதை வீண் என்று சொல்வோர், ஏழைக்குப் படிப்பும் சோறும் போதும், மகிழ்ச்சி மிகை என்று சொல்வோரே ஆவர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

டேட்டா என்னும் பொருளின் இயல்பை நோக்கும்போதே விடை புலனாகின்றது. எங்கள் லயத்திற்கு மலையூற்றிலிருந்து குழாய் வழியே வரும் பீலித் தண்ணீர் இருக்கின்றது. மேல் வீட்டார் ஒரு குடம் குறைத்து எடுத்தால் அக்குடம் கீழ் வீட்டாருக்கு எஞ்சும். நீர்ச் சிக்கனம் என்பது தன்னியல்பிலேயே பிறர்க்கு ஈதலாகும். டேட்டா அத்தகையதன்று. நான் மிச்சப்படுத்தும் ஒரு ஜிகாபைட் அடுத்த லயத்துப் பிள்ளைக்குப் போய்ச் சேர்வதில்லை. மாத முடிவிற் பொதியின் தவணை தீர்ந்ததும் அஃது யாருக்கும் பயனின்றி அழிந்துவிடுகின்றது. நள்ளிரவிற் பயன்படாத அலைவரிசையை நண்பகலுக்கென எடுத்து வைக்கவும் இயலாது. எனவே, டேட்டாவைச் சேமிப்பது அதனளவில் அறமன்று. அழியப்போகும் ஒன்றைச் செலவிடாது வைத்திருத்தல் மட்டுமே. ஆயின், ஒரு வீட்டின் சுவர்களுக்குள் நிலைமை மாறுகின்றது. அங்கே அது பீலித் தண்ணீரைப் போன்றதே. நான் குறைத்தது தங்கைக்கு எஞ்சும். நான் மிகுத்தது அவளுக்குக் குறையும். ஆகவே, சிக்கனம் ஓர் அறமாவது மிச்சப்படுத்தியது இன்னொருவர் கையைச் சென்றடையும் இடத்தில்தான் என்று துணியலாம். குன்றின்மேல் நான் மறந்தது டேட்டாவை அன்று. கீழே இருந்த ஒருத்தியை.

பொதுவுடைமைப் பொருளைத் தனியாட்கள் தத்தம் நலன் கருதி அழித்துவிடுவர் என்று கரட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அதை மறுத்து, பகிர்ந்து வாழும் சமூகங்கள் தாமே விதி வகுத்துக் காத்துக்கொள்ளவும் கூடும் என்று பல நாடுகளின் நீர்ப்பாசனங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து காட்டியவர் எலினோர் ஒஸ்ற்றம். 1990இல் வெளிவந்த அவரது நூல் 2009இல் அவர் பொருளியலுக்கான நோபல் பரிசு பெறுவதற்கு அடிகோலிற்று. அந்நூலை நான் பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னரே அறிந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன்னரே விதி பிறந்துவிட்டது. வகுத்தவள் தங்கை. பாடம் முதலில், படம் பார்ப்பதாயின் மாதக் கடைசியில், எஞ்சியதைக் கொண்டு, எல்லாரும் சேர்ந்து. அவ்விதிப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, அரிசி டின்மேற் சாய்த்து வைத்த தொலைபேசியை அடுத்த வீட்டாரையும் சேர்த்து ஒன்பது பேர் சுற்றியிருந்து பார்த்தோம். ஒருவன் பார்த்தாலும் ஒன்பது பேர் பார்த்தாலும் செலவு ஒன்றே.

இக்கடைசி வாக்கியம் சற்று நின்று நோக்கற்பாலது. வானொலி ஒலிபரப்பிலே கேட்போர் ஒருவராயினும் பத்து இலட்சம் பேராயினும் நிலையத்திலிருந்து புறப்படும் அலை ஒன்றுதான். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோதும் நிலைமை அதுவே. இணையவழிக் காணொளியில் பெரும்பாலும் ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு தனி ஓடை செல்கின்றது. ஒரே பாடத்தை ஒரே வேளையில் நாற்பது பிள்ளைகள் தத்தம் வீட்டிற் பார்த்தால் நாற்பது வீட்டாரும் தனித்தனியே விலை கொடுக்கின்றனர். 2020ஆம் ஆண்டில் 'குரு கெதர' என்னும் பெயரில் அரச தொலைக்காட்சியிற் பாடங்கள் ஒளிபரப்பப்பட்டபோது, அதற்கு ஒரு மெகாபைட்டும் செலவாகவில்லை. கேள்வி கேட்க இயலாது என்னும் குறை அதற்கு உண்டு. எனினும், எல்லார்க்கும் ஒருசேர எட்டுவது என்னும் குணத்தைப் புதிய தொழில்நுட்பத்திற்காக நாம் எவ்வளவு எளிதிற் கைவிட்டோம் என்பது வியப்பையே தருகின்றது.

தங்கையின் சிக்கனத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அந்நிகழ்ச்சிக்குப் பின்னர் அவள் எல்லாக் காணொளியையும் 144 என்னும் அடித்தளத் தரத்தில் வைத்தே பார்க்கலானாள். ஒரு சட்டகத்திற்கு 36,864 புள்ளிகள். செலவு மிகக் குறைந்தது. ஆனால் ஆசிரியர் பலகையில் எழுதிய 1 எது, 7 எது என்று தெரியவில்லை. அடுக்குக் குறியாகிய சின்ன 2 முற்றாக மறைந்தே போயிற்று. விடை தவறியபோது தனக்குக் கணிதம் வராது என்று எண்ணி அழுதாள். 360இல் ஒரு மணி நேரம் பார்த்துப் புரிந்துகொள்வதே சிக்கனம். 144இல் மூன்று முறை பார்த்தும் புரியாதிருப்பது முழு விரயம். பண்பு என்பது மிகைக்கும் குறைக்கும் இடைப்பட்ட நிலை என்று அரிஸ்டோட்டில் கூறியதை நாம் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றோம். அந்த இடைநிலை எங்கே இருக்கின்றது என்பதைப் பலகையிலுள்ள சின்ன 2தான் எனக்குக் காட்டிற்று. அவ்விடம் பாடத்திற்குப் பாடம் மாறும். தமிழிலக்கிய வகுப்புக்கு ஒலியே போதும். புவியியற் படத்திற்கு 480உம் போதாது. குறைக்கும் அளவைப் பொருளின் பயனே வரையறுக்க வேண்டும், அச்சம் வரையறுத்தலாகாது.

அவளை அவ்வாறு அஞ்சச் செய்தவன் நான் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பழி முழுவதும் என்மேல் மட்டுமா? இங்கேதான் வினா வீட்டை விட்டு வெளியே வருகின்றது.

2021இல் இதே ஊவா மாகாணத்தின் லுணுகலைப் பகுதியில், காட்டினுள்ளே நிலத்திலிருந்து ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்தில் மரத்தின்மேல் அமைத்த குடிலொன்றுக்குப் பெரியோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று இணைய வகுப்புக்கு இருத்தினர். போகிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள் மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டுவழி நடந்து பாறையுச்சிக்கு ஏறினர். இச்செய்திகள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அவர்களது ஊக்கம் போற்றப்பட்டது. அப்போற்றுதலைப் படித்தபோது எனக்கு ஒருவித மனக்கசப்பு உண்டாயிற்று. சிறுத்தை உலவும் காட்டில் நடந்து சென்று, மழையில் நனைந்து, பாடத்தை மங்கலாகப் பார்க்கும் பிள்ளையிடம் இருப்பது ஊக்கந்தான். ஆனால் அந்த ஊக்கத்தைப் புகழ்வது, அது தேவைப்பட்டமைக்கான காரணத்தை மறைக்கும் திரையாகிவிடுகின்றது. என் அம்மாயி 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்வதுண்டு. கூப்பன் மாவும் அரிசியும் குறைந்து, மரவள்ளிக்கிழங்கும் கீரையுமாகத் தோட்டங்கள் பட்டினி கிடந்த காலம் அது. அக்காலத்தில் தான் சிக்கனமாக இருந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "இல்ல, அவ்வளவுதான்" என்பார். மொழியை அவர் எம்மைவிடச் சரியாகவே கையாண்டார்.

கட்டுப்பாட்டை யாரிடம் வேண்டுகின்றோம் என்பதும் ஓர் அறவியல் வினாவே. 2020 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்து மக்கள் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது, இணையம் நெரிசலுறும் என்று அஞ்சிய அதிகாரிகள் காணொளி நிறுவனங்களிடமே தரத்தைக் குறைக்குமாறு வேண்டினர். நெட்பிளிக்ஸ் அங்கே 30 நாட்களுக்குத் தன் ஓட்டத்தை ஏறக்குறைய நான்கிலொன்று குறைக்க இசைந்தது. யூடியூப் தன் காணொளிகளைத் தாழ்ந்த தரத்திலேயே தொடங்குமாறு மாற்றிற்று. பார்ப்போர் விரும்பின் உயர்த்திக்கொள்ளலாம். அதாவது, சிக்கனம் ஏற்பாட்டிலேயே அமைந்தது. தனியாள் நினைவில் வைத்திருக்க வேண்டியதாயிருக்கவில்லை. இங்கு நிலைமை யாது? பல்கலைக்கழக மாணவர்க்கு 2020இற் சில மாதங்கள் விரிவுரைத் தளங்களைக் கட்டணமின்றிப் பார்க்க வாய்ப்பளிக்கப்பட்டது. அதை நன்றியுடன் குறிப்பிடல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் வகுப்புகளோ பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சூம் திரையிலும், அவரவர் டேட்டாவிலேயே நடந்தன. பொதியின் ஒரு பகுதியைப் பகலுக்கும் மறுபகுதியை நள்ளிரவுக்குப் பின்னருக்கும் எனப் பிரித்து விற்கும் வழக்கமும் இருந்தது. 'இரவு டேட்டா' மிகுதியாகக் கிடைத்தது என்னவோ மெய்தான். அதைப் பயன்படுத்தும் பொருட்டு அலாரம் வைத்து ஒரு மணிக்கு எழுந்து பாடங்களை இறக்கிவிட்டு, ஆறு மணிக்கு அம்மாவுக்குத் தேநீர் வைத்துக் கொடுத்த பிள்ளைகளை நான் அறிவேன். அங்கே மிச்சமானது பணம், செலவானது உறக்கம். 2022 செப்டெம்பரில் தொலைத்தொடர்புக் கட்டணங்கள் 20 சதவீதம் உயர்ந்தபோது பலரும் முதலிற் குறைத்தது இத்தகைய செலவையே.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. நுட்பம் வளர வளர எல்லாம் மலிவாகும். பொறுத்திருந்தாற் போதும் என்பர். காணொளியைச் சுருக்கும் முறைகள் பத்தாண்டுக்கொரு முறை மேம்பட்டு வந்திருப்பது உண்மையே. ஆயின், நீராவி எந்திரங்கள் திறன் பெற்றபோது நிலக்கரிச் செலவு குறையவில்லை, பெருகிற்று என்று ஜெவன்ஸ் 1865இலேயே எடுத்துக்காட்டினார். காணொளிக்கும் அது பொருந்தும். சுருக்கியதனால் எஞ்சிய இடத்தைப் பெரிய படமும், தானாகவே தொடரும் அடுத்த படமும், படத்திற்கு முன்வரும் விளம்பரமும் பிடித்துக்கொண்டன. (அவ்விளம்பரத்தைப் பார்ப்பதற்கான டேட்டாவும் பார்ப்போனுடையதே, பிறர் கடைப் பலகையை நாம் கூலி கொடுத்துச் சுமப்பது போன்றது இது.)

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இற் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணொளியாக எடுப்பதற்கு உலகெங்குமிருந்து பயணிகள் வருகின்றனர். அவர்கள்மீது எனக்குக் காழ்ப்பில்லை. எங்களூர் இளைஞர் பலருக்கு அவர்களாற் பிழைப்பு நடக்கின்றது. ஆயினும், அவர்களுக்கென உணவகச் சுவர்களில் இலவச வைபை என எழுதித் தொங்கும் பலகையைக் கண்டபோதெல்லாம், அதன் பின்புறத்து மதிலோரம் தொலைபேசியுடன் ஒதுங்கி நின்று பாடம் இறக்கும் பிள்ளைகளே என் நினைவுக்கு வருவர். கடவுச்சொல்லைச் சொல்லிக் கொடுத்தவர்கள் அங்கே பாத்திரம் துலக்கும் அண்ணன்மார். அது முறையா என்று கேட்டால், முறையன்று என்றே ஒழுக்கவியல் வினாத்தாளில் எழுதவேண்டியிருக்கும்.

இப்போது அவ்வினா என் கைக்கே வந்துவிட்டது. பல்கலைக்கழக நூலகத்தில் எமக்கு இணையம் தாராளமாகக் கிடைக்கின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் சாதாரண தரக் கணித, விஞ்ஞானப் பாடக் காணொளிகளை இறக்கி, மெமரி கார்டில் நிரப்பி எடுத்துச் செல்கின்றேன். உயர்தரம் எழுதி முடித்த தங்கை, மாலையில் முன்பள்ளிக் கட்டடத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டிப் பாடஞ் சொல்லிக் கொடுக்கின்றாள். ஒருமுறை இறக்கியதை இருபது பேர் பார்க்கின்றனர். பல்கலைக்கழகத்து வசதியைப் பல்கலைக்கழகத்திற்குப் புறம்பானவர்களுக்காகப் பயன்படுத்துவது சரியா என்று விடுதி நண்பனொருவன் கேட்டான். அவ்வசதிக்குச் செல்லும் பொதுப்பணத்தில் கொழுந்து பறிப்போர் உழைப்பும் கலந்திருக்கின்றது என்றேன். அவன் ஒப்பவில்லை, அந்நியாயத்தைக் கொண்டு எதையும் எடுத்துச் செல்லலாமே என்றான். அதற்கு என்னிடம் நிறைவான மறுமொழி இன்னும் இல்லை. இவ்வாரம் தங்கை அடுத்த பட்டியலை அனுப்பியிருக்கின்றாள். கீழே ஒரு குறிப்பு: "அண்ணே, கணக்குப் பாடத்துக்கு 360 போதும். படம் ஏதாவது எறக்குனா மட்டும் 720ல எறக்கு, இருவது பேரு பாக்கணும்ல."